ப்ரின்ஸ் 2 படிக்கவா, பிஎம்பிக்குக் காத்திருக்கவா? தோட்டப் பகுதியில் வேலை செய்பவனுக்கு எது உதவும்?

கொட்டகலை_இளையவன்:

எல்லோருக்கும் வணக்கம். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வெளிவாரியாகப் பட்டம் முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன், தோட்டங்களுக்குக் குடிநீர், மலசலகூடம் செய்துகொடுக்கும் திட்டங்கள். வெளிநாட்டு நிதி குறைந்துகொண்டே போகிறது, எங்கள் திட்டமும் அடுத்த வருடத்தோடு முடிகிறது, அதற்குள் கையில் ஒரு தகுதி இருக்க வேண்டும் என்று பார்க்கிறேன். கொழும்பில் ஒரு பயிற்சி நிலையம் ப்ரின்ஸ் 2 என்ற திட்ட முகாமைத்துவச் சான்றிதழின் இரண்டு நிலைகளை, பவுண்டேஷனும் ப்ராக்டிஷனரும் சேர்த்து, சனி, ஞாயிறு ஸூம் வகுப்பு நடத்துகிறது. இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், பாஸ் நிச்சயம் என்கிறார்கள். கூட வேலை செய்பவர்களோ பிஎம்பி என்ற இன்னொரு சான்றிதழுக்குத்தான் மதிப்பு என்கிறார்கள்.

அம்மா கொழுந்தெடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். இந்தக் காசை வீட்டில் கேட்டால் நகை அடகுக்குப் போகும். அதனால்தான் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்: எதை முதலில் செய்வது? வகுப்புக்குக் காசு கட்டத்தான் வேண்டுமா? அப்புறம், இதில் படிப்பது தோட்டத்து வேலைக்குப் பயன்படுமா, இல்லை பெரிய கம்பனிகளுக்கு மட்டும்தானா?

கண்டி_வீதி:

தம்பி, எந்த ஊரில் எந்த மாதிரி வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவெடுங்கள், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு சாமான். ப்ரின்ஸ் 2 ஒரு முறை, வேலையை எப்படித் தொடங்குவது, யார் எதற்குப் பொறுப்பு, எப்போது நிறுத்திக் கேட்பது என்று வரிசையாகச் சொல்லும். 1989இல் பிரித்தானிய அரசு தன் கணினித் திட்டங்களுக்காக எடுத்துக்கொண்டது, 1996இல் எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும்படி மாற்றி ப்ரின்ஸ் 2 என்று வெளியிட்டார்கள். பிஎம்பி அமெரிக்காவின் பிஎம்ஐ என்ற திட்ட முகாமைத்துவ நிறுவனம் 1984இலிருந்து நடத்தும் சான்றிதழ், ஏற்கனவே திட்டங்களை நடத்தியவர் இன்ன நிலைமையில் என்ன முடிவெடுப்பார் என்று சோதிப்பது. வளைகுடா விளம்பரங்களில் பெரும்பாலும் பிஎம்பிதான் கேட்கிறார்கள், பிரித்தானியப் பக்கம் ப்ரின்ஸ் 2 கேட்பார்கள்.

பிஎம்பிக்கு, பட்டம் இருந்தாலும், திட்டத்தைப் பொறுப்பெடுத்து நடத்திய 36 மாத அனுபவமும் 35 மணிநேரப் பயிற்சியும் வேண்டும். களத்தில் இருந்த காலம் எல்லாம் அதில் சேராது, நீங்கள் முன்னின்று நடத்தியது மட்டும்தான். சில விண்ணப்பங்களைப் பிடித்து அத்தாட்சியும் கேட்பார்கள். அனுபவம் போதாதவர்களுக்கு பிஎம்ஐயே கேப்எம் என்று ஒன்று வைத்திருக்கிறது, அதற்கு 23 மணிநேரப் பயிற்சி போதும்.

உங்கள் துறைக்கென்றே இன்னொன்று இருக்கிறது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: ப்ரொஜெக்ட் டிப்ரோ. முன்பு பிஎம்டி ப்ரோ என்பார்கள். தொண்டு நிறுவன வேலைக்காகவே பிஎம்4என்ஜிஓஸ் என்ற அமைப்பு உருவாக்கியது, அதன் கையேட்டை அவர்கள் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நகையில் கை வைக்க முன் அதை வாசித்துப் பாருங்கள்.

மேல்கணக்கு:

தோட்டத்து வேலைக்குப் பயன்படுமா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன் தம்பி, ஏனென்றால் வருடக்கணக்காகத் தோட்ட வீடமைப்பில் இருக்கிறேன், ப்ரின்ஸ் 2 படித்த பிறகு எனக்கு மாறிப்போனது அந்த வேலைதான்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டுத் திட்டம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கான காணி தோட்டக் கம்பனியிடமிருந்து விடுபட வேண்டும், மண்சரிவு அபாயம் இல்லையென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வேண்டும், கட்டுவது ஒருத்தர், தண்ணீர் இன்னொருத்தர், கரண்ட் வேறொருத்தர், பாதை யாருடைய பொறுப்பென்றே தெரியாது. கடைசியில் சுவரும் கூரையும் எழும்பி, திறப்பு விழாப் படமும் எடுத்து, அதன் பிறகும் சனம் பழைய லயத்து வரிசை வீடுகளிலேயே இருக்கும், ஏனென்றால் தண்ணீர் வரவில்லை. ப்ரின்ஸ் 2 இந்த இடத்தில் பிடிவாதமாக ஒன்று கேட்கிறது: செய்து கொடுக்கப்போகும் பொருள் என்ன, எது இருந்தால் அது முடிந்தது என்று ஏற்போம், ஏற்பது யார் என்று வேலை தொடங்க முன் எழுது. வீடு என்று எழுதினால் போதாது. குழாயில் தண்ணீர், மீற்றர், ஆட்டோ வரக்கூடிய பாதை, பெயரில் காணி உறுதி எல்லாம் அதில் வர வேண்டும், வந்துவிட்டால் பிறகு யாரும் சுவரைக் காட்டி முடிந்தது என்று சொல்ல முடியாது.

அடுத்தது கட்டம் கட்டமாக நடத்துவது. ஒரு கட்டம் முடியும்போது நின்று, இனியும் தொடர்வதில் அர்த்தம் இருக்கிறதா என்று மேலே கேட்டு, அனுமதி வாங்கித்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். மண் அறிக்கை வராமல் அத்திவாரம் வெட்டக்கூடாது என்பதை நான் சொன்னால் அவசரப்படுத்துவார்கள், கட்ட எல்லையில் எழுத்தில் இருந்தால் அவர்களும் காத்திருக்கத்தான் வேண்டும். தாங்குவரம்பு என்பதும் அப்படித்தான். தென்மேல் பருவ மழையில் மேல்கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, மணலும் கல்லும் ஏற்ற முடியாது. இரண்டு கிழமை வரை பிந்தலாம் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் அந்த அளவுக்குள் களத்தில் இருப்பவரே முடிவெடுக்கலாம், கொழும்புக்குப் போன் போட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை, அதைத் தாண்டப்போகிறது என்று தெரிந்த உடனே மட்டும் அறிக்கை போக வேண்டும்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டது ப்ரொஜெக்ட் போர்ட், திட்டத்தின் மேல் முடிவுகளை எடுக்கும் குழு. அதில் மூன்று பக்கம் இருக்க வேண்டும் என்கிறார்கள்: காசுக்குப் பொறுப்பானவர், செய்துகொடுப்பவர், பாவிக்கப்போகிறவர். நம் தோட்டங்களில் பாவிக்கிறவர் சார்பில் எப்போதும் வேறு யாரோதான் பேசுவார்கள், தோட்டத்தை நடத்தும் துரை பேசுவார், சங்கத் தலைவர் பேசுவார், அந்த வீட்டில் சமைக்கப்போகிற பெண்ணை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. இப்போது நான் அந்த நாற்காலியைக் காட்டி, இதில் யார் உட்காருகிறார் என்று கேட்கிறேன். அதற்காகவே இதைப் படித்தது தகும் என்று நினைக்கிறேன்.

சிஸ்டம்_பண்டாரவளை:

தேர்வுப் பக்கம் நான் சொல்கிறேன். பவுண்டேஷனுக்கு எந்த முன்தகுதியும் வேண்டாம், வகுப்புக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, சொந்தமாகப் படித்து, தேர்வை நடத்தும் பீப்பிள்சேர்ட் நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகப் பதியலாம். 60 கேள்வி, 60 நிமிடம், 36 சரியென்றால் பாஸ், புத்தகம் பார்க்க முடியாது. ப்ராக்டிஷனரில் 70 கேள்வி, 150 நிமிடம், 42 சரியாக வேண்டும், அதில் அதிகாரபூர்வப் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவர்களுக்கு 25 வீதம் கூடுதல் நேரம் தருகிறார்கள், பவுண்டேஷனுக்கு அது 75 நிமிடம். தமிழில் தேர்வு இல்லை, ஆகவே பதியும்போதே இந்த நேரத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

2023இல் ஏழாவது பதிப்பு வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகளில் பாதி 2017ஆம் வருடத்து ஆறாவது பதிப்பு. அதில் தீம்கள் என்று இருந்தவை இப்போது ப்ராக்டிஸ்கள், மனிதர்களோடு வேலை செய்வது பற்றிப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், பாஸ் எல்லையும் வேறு. அந்தப் பயிற்சி நிலையத்திடம் எந்தப் பதிப்பு நடத்துகிறார்கள், பீப்பிள்சேர்ட் அங்கீகாரம் இருக்கிறதா, தேர்வுக் கட்டணம் இந்த இரண்டு லட்சத்துக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பாஸ் நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்கக் காசு வேண்டும், அதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொன்று, வீட்டிலிருந்து எழுதும்போது கேமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும், அறைக்குள் வேறு ஒருத்தரும் வரக்கூடாது. லயத்து வீட்டில் அது நடக்காது, மழை நாளில் கரண்டையும் சிக்னலையும் நம்பவும் முடியாது. ஹட்டன் டவுனில் தெரிந்தவர்களிடம் ஒரு தனி அறை கேட்டு வையுங்கள், லேப்டொப்பில் அவர்களுடைய சோதனையை முதல் நாளே ஓட்டிப் பாருங்கள்.

பதுளைக்காரன்_டோஹா:

நான் மேலே சொன்னவர்களோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. இங்கே நேர்முகத்தில் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே கேட்பது, எவ்வளவு பட்ஜெட், எத்தனை பேர், என்ன பிசகியது, என்ன செய்தாய் என்பதுதான். அதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வராவிட்டால் சான்றிதழ் ஒன்றும் செய்யாது. இரண்டு லட்சம் இருந்தால் பாதியை ஆங்கிலத்துக்குப் போடு தம்பி. இன்றிலிருந்தே நீ பொறுப்பெடுத்த ஒவ்வொரு வேலையையும் தொடங்கிய திகதி, முடிந்த திகதி, தொகை, மேலதிகாரி பெயர் என்று எழுதி வை, நாளைக்கு பிஎம்பி விண்ணப்பத்துக்கு அதுதான் வேண்டும். திட்டம் மூடிய பிறகு அத்தாட்சி தர ஆபீசில் ஆள் இருக்காது.

கொட்டகலை_இளையவன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆங்கிலம் பற்றி அண்ணா சொன்னது சரிதான், அதையும் பார்க்கிறேன். இப்போதைக்கு டிப்ரோ கையேட்டை இறக்கிவிட்டேன், வகுப்புக்குக் காசு கட்டவில்லை, பவுண்டேஷனைச் சொந்தமாகப் படிக்கலாம் என்று இருக்கிறேன். மேல்கணக்கு அக்கா, எங்களுடையது ஊற்றிலிருந்து பீலிகளுக்கு, அதாவது லயத்துச் சனம் தண்ணீர் பிடிக்கும் பொதுக் குழாய்களுக்கு, தண்ணீர் கொண்டுவரும் வேலை. நீங்கள் சொன்ன மாதிரி அதை எழுதுவதென்றால் எப்படி எழுதுவது?

மேல்கணக்கு:

குழாய் பதித்தல் என்று தொடங்காதீர்கள், அது வேலை, பொருள் அல்ல. இன்ன லயங்களுக்குக் குடிநீர் என்று தொடங்குங்கள். அதற்குள் ஊற்றுக் காப்பு, தாங்கி, குழாய், பீலி, பராமரிப்புக் குழு என்று பிரியுங்கள். எப்போது ஏற்பது என்றால், பெப்ரவரி, மார்ச் வரட்சியிலும் கடைசி பீலியில் காலையில் தண்ணீர் வர வேண்டும், பரிசோதனையில் ஈ கோலி இருக்கக்கூடாது, குழாய் உடைந்தால் திருத்த அந்த லயத்திலேயே பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்துவைத்துக் கையெழுத்து வாங்கினால் முதலாவதைச் சோதிக்கவே முடியாது, ஆகவே கடைசிக் கட்டத்தை வரட்சி மாதத்தில் வையுங்கள். ஏற்றுக் கையெழுத்திடுகிறவர்களில் அந்தப் பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் இருக்க வேண்டும். இந்த அளவில் ஒரு பக்கம் எழுதி இங்கேயே போடுங்கள் தம்பி, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.