ஏற்காட்டில் 2 படி ஏற மடக்குச் சாய்தளம்: எந்த ஷீட், எவ்வளவு நீளம்?

அஸ்தம்பட்டி வாசி:
ஏற்காட்டில் வீடு, வாசலில் 2 படி, மொத்த உயரம் 30 செ.மீ. சக்கர நாற்காலியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ. தள்ள ஒருவர் உண்டு. காரில் எடுத்துப் போகும்படி மடக்குச் சாய்தளம் செய்யணும். சேலத்தில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட் சுலபமாகக் கிடைக்குது, 2 மி.மீ. போதுமா? நீளம் எவ்வளவு?

ஷீட்மெட்டல்:
எஸ்.எஸ். வேண்டாங்க. 2 மி.மீ. எஸ்.எஸ். சதுர மீட்டருக்கு 16 கிலோ, 3 மி.மீ. அலுமினியம் 8 கிலோதான்.

1:12 சரிவுதான் (1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம்) நல்லது. ஆனா 30 செ.மீ.க்கு 3.6 மீட்டர் வேணும். தள்ள ஆள் இருப்பதால் 2.4 மீட்டர் வைங்க. சுமார் 11 கிலோ விசை கொடுத்துத் தள்ளணும். 1.8 மீட்டருக்குக் குறைச்சா அதுவே 15 கிலோ, கால்மிதியும் தரையில் முட்டலாம்.

ஒரே பலகைக்குப் பதில் 20 செ.மீ. அகலத்தில் இரண்டு தடம் போதும், தள்ளுறவர் நடுவில் படியிலேயே ஏறலாம். ஓரங்களை 6 செ.மீ. மடக்கச் சொல்லுங்க. 4 செ.மீ.ன்னா, ஒரு தடத்தின் நடுவில் 75 கிலோ நின்றால் 3 செ.மீ.க்கு மேல் தொய்யும்.

மலைப்பாதை:
அந்த 6 செ.மீ. கீழ்நோக்கி இருக்கணும். சக்கரத்தின் கைவளையம் தரையிலிருந்து 4, 5 செ.மீ. உயரத்தில்தான் சுற்றும், மேல்நோக்கி மடக்கினால் அது உரசும், விரல் நசுங்கும். சக்கரம் ஓரம் தாண்டாமல் இருக்க மேலே 2.5 செ.மீ. பட்டை போதும். இரு முனையிலும் கீழ் மடிப்பைச் சாய்வாக வெட்டிவிடுங்க, சக்கரம் இடறாது.

முக்கியமா, தடத்தை நடுவில் மடக்கும் கீல். மேற்பரப்பில் வைத்தால் பாரம் ஏறியதும் தடம் நடுவில் உள்வாங்கிடும். மடிப்பின் அடி விளிம்பில் வைக்கணும், அப்போ மேற்பகுதிகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். அந்த 75 கிலோவுக்கே கீலில் கிட்டத்தட்ட 750 கிலோ இழுப்பு வரும்! பாப் ரிவெட் (ஷீட்டைப் பிணைக்கும் சின்ன ஆணி) தாங்காது, 8 மி.மீ. எஸ்.எஸ். போல்ட் போடுங்க. அங்கே ஆர்கான் வெல்டிங்கும் வேண்டாம், சூட்டில் அலுமினியம் இளகி வலு குறையும்.

அஸ்தம்பட்டி வாசி:
செக்கர்டு ஷீட்டே (மேலே புடைப்புக் கோடுகள் உள்ளது) எடுத்துடலாமா? வழுக்காதே?

மலைப்பாதை:
ஏற்காட்டு மூடுபனியில் அது நனைஞ்சா வழுக்கும். மணல் பரப்புள்ள ஒட்டுநாடாவைக் குறுக்காக 10 செ.மீ.க்கு ஒன்று ஒட்டுங்க. அடிமுனைக்கு ரப்பர் வைங்க, தரையில் பாசி இருந்தா முதலில் தேய்த்துக் கழுவணும். மேல்முனை வாசலில் 10 செ.மீ.யாவது படிந்திருக்கணும், சங்கிலியால் கட்டணும். இல்லைன்னா சக்கரம் ஏறும் உந்தலில் தடம் பின்னால் நழுவும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுறவர் முன்னால் பின்நடையா இறங்கணும்.