பளபளத்த பைலட்டும் நிறம் மாறிய சீக்கோவும்

பழைய வாட்ச் வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "ஓடுதா?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். ஓடியது. 1,300 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கிய எச்.எம்.டி கம்பெனியின் பைலட் மாடல் அது. கறுப்பு டயல் கண்ணாடி மாதிரி மின்னியது. வெள்ளை எண்கள், புதுசு போல் கேஸ், அதாவது வெளிக்கூடு. "பழைய ஸ்டாக், பயன்படுத்தாதது" என்று விற்றவர் எழுதியிருந்தார். எச்.எம்.டி வாட்ச் ஆலைகளை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு இந்த வார்த்தைக்கு மவுசு கூடிவிட்டது. நானும் நம்பினேன்.

பதினைந்து நாளில் செகண்ட் முள் எட்டு மணி அருகே தயங்கித் தயங்கி நின்றது. திருச்சியில் நாற்பது வருடமாக வாட்ச் பழுது பார்க்கும் ஒரு பாயிடம் கொண்டு போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறக்காமலேயே டயலை ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பி, இது பெயின்ட் அடிச்ச டயல். பைலட்டே இல்லை" என்றார்.

எனக்கு லென்ஸைக் கொடுத்துக் காட்டினார். நிமிடக் கோடுகள் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. பன்னிரண்டு மணிக்கு நேரே நிற்க வேண்டிய கோடு ஒரு மயிரிழை விலகி நின்றது. எழுத்தின் ஓரங்கள் மை ஊறின காகிதம் போலக் கசிந்திருந்தன. ஆலையில் அச்சடித்த எழுத்து லென்ஸில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் ஓரம் கத்தியால் வெட்டினது போல இருக்கும். டயலைக் கழற்றியபோது இன்னும் வேதனையாக இருந்தது. டயலை மெஷினோடு பிடித்து நிறுத்தும் இரண்டு சின்னக் கால்களையும் நறுக்கிவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளை தெரிந்தது. ஏதோ ஒரு வெள்ளை டயல் எச்.எம்.டி, அநேகமாக ஜனதா மாடலாக இருக்கலாம் என்றார். அதன் மேல் கறுப்படித்துப் பைலட் ஆக்கியிருக்கிறார்கள். உரிந்து விழுந்த பெயின்ட் துணுக்குதான் சக்கரத்தில் போய் மாட்டியிருந்தது.

மெஷின் மட்டும் அசல். 17 ஜுவல், அதாவது தேய்மானத்தைக் குறைக்கும் கற்கள், சாவி கொடுக்கிற எச்.எம்.டி மெஷின். பிரச்சினையே அதுதான். மெஷின் அசலாக இருப்பதால் மூடியைத் திறந்து பார்த்தால்கூட சந்தேகம் வராது. ஒரு நல்ல ஜனதாவை, யாரோ ஒருவர் முப்பது வருடம் கையில் கட்டியிருந்த பொருளை, இப்படி அழித்திருக்கிறார்களே என்று எனக்குப் பணம் போனதைவிட வருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஓர் ஆண்டு எதுவும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் கடையில் போய் உட்கார்ந்து, வருகிற வாட்ச்களை லென்ஸில் பார்ப்பதுதான் வேலை.

இரண்டாவது அனுபவம் ஜப்பானின் சீக்கோ கம்பெனியுடைய ஒரு சீக்கோ 5. அறந்தாங்கிப் பக்கம் நண்பன் வீட்டில், மறைந்த அவன் அப்பாவுடையது. அவர் 1986இல் சவுதியின் தம்மாம் போனவர். 1989இல் முதல் லீவில் வந்தபோது கையில் கட்டியிருந்த வாட்ச். நண்பனின் அம்மா அதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். நண்பன் போனில், "பாலிஷ் போட்டு, டயலைப் புதுசாக்கித் தரேன்டா, அப்புறம் பாரு" என்றான். நான் பதறிப்போய், எதையும் தொடாதே, நாளைக்கே வருகிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தால் வெளிர்பொன் நிற டயல், ஓரத்தில் லேசாகத் தவிட்டு நிறம் ஏறியிருந்தது. எனக்கு அந்த நிறமே பாதி நம்பிக்கை கொடுத்தது. ஈரக்காற்றும் வெயிலும் டயலைச் சீராக ஒரே நிறத்தில் வைக்காது. பெயின்ட் அடித்த டயல்தான் சீராக இருக்கும். சீக்கோ பெயரும் கேடயத்துக்குள் இருக்கும் 5ம் தனி உலோகத் துண்டுகளாகப் பதித்திருந்தன. ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடி விளிம்பை ஒட்டி, எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி. திரும்ப பெயின்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது அந்த வரியில்தான். இதில் அது தெளிவாக இருந்தது, 7009 என்று தொடங்கியது.

பின்மூடியில் 7009-876ஏ. முதல் நான்கு எண் மெஷினுடையது, அடுத்தது கேஸுடையது. டயலில் இருக்கும் எண்ணின் பின்பாதி இதோடு ஒத்துப் போகாது, அதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. முதல் நான்கும் ஒத்துப்போனால் போதும். கீழே ஆறு இலக்க வரிசை எண், 8 என்று தொடங்கி அடுத்து ஆங்கில என் எழுத்து. முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். ஒன்பது வரைக்கும் எண், அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. ஆக, எட்டில் முடியும் ஒரு வருடத்தின் நவம்பர். எந்தப் பத்தாண்டு என்று எண் சொல்லாது. ஆனால் அப்பா தம்மாம் போனது 86, வந்தது 89. நவம்பர் 1988 என்றால் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் சாவியை ஒரு கிளிக் இழுத்துக் கிழமையைத் திருப்பினேன். இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை வரை முள் இருக்கும்போது இதைச் செய்தால் தேதிச் சக்கரத்தின் பல் உடையலாம், அதனால்தான் முதலில் ஆறு மணி. ஆங்கிலக் கிழமைகளுக்கு நடுவே அரபி எழுத்து வந்தது. வளைகுடாவில் விற்ற வாட்ச் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

எல்லாமே அசல் என்று சொல்ல முடியாது. கண்ணாடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சில்லென்று இல்லை. நகத்தால் தட்டினால் மொத்தையான சத்தம். சீக்கோவின் ஹார்ட்லெக்ஸ் கண்ணாடி உடைந்து எப்போதோ பிளாஸ்டிக் போட்டிருக்கிறார்கள். நான்கு மணிப் பக்கம் கேஸுக்குள் புதைந்து உட்கார வேண்டிய சாவி கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது, அதுவும் மாற்றியது. செயின் உள்ளூர்ச் சரக்கு. ஆனால் கேஸின் முனைகள் கூர்மையாக இருந்தன, மேலே ஆலையில் கோடு கோடாக உரசின அந்தத் தடம் அப்படியே இருந்தது. ஒரு தடவை பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் காட்டியிருந்தால்கூட அது போயிருக்கும். கண்ணாடியும் சாவியும் தேடினால் கிடைக்கும். தேய்ந்துபோன கேஸை யாராலும் திருப்பித் தர முடியாது.

பாயிடம் காட்டிவிட்டு விலை சொல்கிறேன் என்று வாங்கி வந்தேன். திறந்ததும், கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் ரோட்டரின் ஓரத்தைப் பார்த்தார். மூடியின் உள்பக்கம் உரசிய வட்டம் லேசாக இருந்தது. திருகுகளின் தலை சிதையவில்லை, சாவித் தண்டில் மட்டும் சிறு துரு. போனில் டிக் சத்தம் கேட்கும் செயலியை ஓடவிட்டோம். இந்த மெஷின் மணிக்கு 21,600 தடவை துடிக்கும், எச்.எம்.டி சாவி வாட்ச் 18,000 தடவை. டயலை மேலே வைத்தபோதும் கவிழ்த்து வைத்தபோதும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சர்வீஸ் ஒன்றுதான் பாக்கி என்றார்.

நண்பன் வீட்டுக்குப் போய் எது அசல், எது மாற்றியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சர்வீஸ், கண்ணாடி, சாவி செலவைக் கழித்து 4,000 ரூபாய் தருகிறேன் என்றேன். அம்மா வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து நண்பன் போன் செய்தான். அப்பாவின் பழைய பாஸ்போர்ட் இருந்த டப்பாவில் ஒரு ஸ்டீல் செயின் கிடந்ததாம். கையில் தொளதொள என்று இருக்கிறதென்று அவர் ஊருக்கு வந்ததும் கழற்றிப் போட்டதாக அம்மா சொன்னாராம். கொக்கியில் சீக்கோ என்று எழுதியிருக்கிறதா பார் என்றேன். இருக்கிறது என்றான். அம்மா பணம் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அறந்தாங்கி போய் அதை மாட்டிக்கொண்டு அவரிடம்தான் முதலில் காட்டினேன்.