கூகிள் வழியாக வந்தால் மட்டும் சூதாட்டத் தளத்துக்குப் போகிறது, துப்புரவாக்கினால் திரும்ப வருகிறது

புறக்கோட்டை_கடைத்தளம்:
ஹாட்வெயார் கடையின் வேர்ட்பிரஸ் தளம். பொருள் விபரமும் விலை கேட்கும் படிவமும் மட்டும்தான். ஷெயார்ட் ஹொஸ்டிங் (பலர் பகிரும் சேர்வர்), சீபெனல் (கணக்கை நிர்வகிக்கும் பலகை) உண்டு, எஸ்எஸ்எச் (சேர்வருக்கு நேரே கட்டளை இடும் வழி) இல்லை. முகவரியை நேரே தட்டினால் தளம் ஒழுங்காகத் திறக்கிறது. கைபேசியில் கூகிளில் தேடி அழுத்தினால் சூதாட்டத் தளம் வருகிறது. தேடல் முடிவுகளில் நாங்கள் போடாத ஜப்பானிய மொழிப் பக்கங்களும் நிற்கின்றன. பாதுகாப்பு பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் கூடுதல் நிரல்) ஒன்றால் ஸ்கேன் செய்து அது காட்டியவற்றை அழித்தாயிற்று. ஆனால் முகப்பு இன்டெக்ஸ் கோப்பையும் டொட் எச்டிஅக்சஸ் என்ற சேர்வர் விதிக் கோப்பையும் சரிசெய்தால் சில வினாடிகளில் பழையபடி வந்துவிடுகின்றன, பெர்மிஷனும் 444 (படிக்க மட்டும்) ஆகிவிடுகிறது. தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) முன்பு தளம் செய்து தந்தவர் போட்டது, லைசன்ஸ் எங்களிடம் இல்லை. அதே கணக்கில் ஒரு டியூட்டரியின் (தனியார் வகுப்பு நிலையம்) தளமும் இருக்கிறது. எந்த வரிசையில் தொடங்குவது?

வெள்ளவத்தை_சேர்வர்:
வினாடிகளில் திரும்பி வருவதும் 444 ஆவதும் பெரும்பாலும் ஒரு விடயத்தைத்தான் சொல்கின்றன: சேர்வரின் நினைவகத்தில் ஒரு பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) புரொசெஸ் ஓடிக்கொண்டே இருந்து அந்த இரண்டு கோப்புகளையும் திரும்பத் திரும்ப எழுதுகிறது. அதைத் தொடக்கிய கோப்பை அழித்தாலும் அது நிற்காது. அது ஓடும்வரை மற்ற எந்தத் துப்புரவும் வீண்.

உங்களிடம் எஸ்எஸ்எச் இல்லாததால் ஹொஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் போடுங்கள். "தளம் ஹேக் ஆகிவிட்டது" என்று மட்டும் எழுதினால் உங்கள் பக்கப் பிரச்சினை என்றுதான் பதில் வரும். "எங்கள் கணக்கின் பெயரில் ஓடும் எல்லா பிஎச்பி புரொசெஸ்களையும் நிறுத்துங்கள், தளத்தைத் தற்காலிகமாக மூடி வையுங்கள்" என்று கேளுங்கள். அது அவர்களால் மட்டும் செய்யக்கூடிய வேலை, மறுக்கக் காரணமில்லை. அதற்கு முன்பே சீபெனலில் க்ரொன் ஜொப்ஸ் (குறித்த நேரத்தில் தாமாக ஓடும் கட்டளைகள்) பாருங்கள். நீங்கள் போடாத வரி, அதிலும் நிமிடத்துக்கொரு முறை ஓடும் வரி இருந்தால் படம் பிடித்துவிட்டு நீக்குங்கள். இல்லாவிட்டால் நிறுத்திய புரொசெஸை அதுவே மீண்டும் எழுப்பும்.

எதையும் அழிக்குமுன் கோப்புகள் முழுவதையும் ஸிப் ஆக்கி, டேட்டாபேஸையும் எக்ஸ்போர்ட் செய்து கம்பியூட்டருக்கு இறக்குங்கள். ரோ அக்சஸ் பகுதியில் உள்ள லொக்குகளையும் (தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் பதிவுகள்) இறக்குங்கள். அங்கே "ஆர்கைவ்" தெரிவு இடப்படாமல் இருந்தால் பழைய லொக்குகள் சீக்கிரமே போய்விடும்.

அடுத்தது, கீறிக் கீறித் துப்புரவாக்க வேண்டாம், புதிதாகக் கட்டுங்கள். பாதிக்கப்பட்ட தளத்துக்குள் இருக்கும் ஸ்கேனரை நம்ப முடியாது, தீய நிரல் அதற்கு முன்பே ஏறிவிடக்கூடும். தளக் கோப்புகள் இருக்கும் பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டரை முழுதாகக் காலி செய்யுங்கள். வேர்ட்பிரஸ்ஸையும் ஒவ்வொரு பிளகினையும் அதிகாரபூர்வ இடத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். லைசன்ஸ் இல்லாத தீமை மீண்டும் போடவே வேண்டாம். திருட்டுத் தீம்களில் பின்கதவு சேர்ந்தே வருவது வழமை. இலவச தீம் ஒன்று உங்கள் தேவைக்குப் போதும்.

பழையதிலிருந்து எடுக்கக்கூடியவை இரண்டே: அப்லோட்ஸ் ஃபோல்டரும் டேட்டாபேஸும். அப்லோட்ஸில் படமும் பிடிஎஃபும் தவிர வேறொன்றும் வரக்கூடாது. பிஎச்பி, பிஎச்டிஎம்எல், ஃபார் வகைக் கோப்புகள் அங்கே இருக்கக் காரணமே இல்லை. புள்ளியில் தொடங்கும் பெயருடன் ஐகோ வகைக் கோப்பு இருந்தால் அது படமல்ல, பெரும்பாலும் உள்ளே பிஎச்பி நிரல்தான். ஃபைல் மனேஜரில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இட்டால்தான் கண்ணில் படும். டபிள்யூபி கொன்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பைக் கொப்பி செய்யாதீர்கள். அதன் முதல் வரிகளிலேயே இன்னொரு கோப்பை அழைக்கும் வரி ஒளிந்திருப்பதுண்டு. புதிய கோப்பில் டேட்டாபேஸ் விபரங்களையும் டேபிள் முன்னொட்டையும் மட்டும் கையால் எழுதி, சோல்ட் கீகள் எனும் ரகசிய எழுத்துத் தொடர்களைப் புதிதாக உருவாக்குங்கள். அப்போதுதான் திருடனின் லொகின் குக்கியும் செல்லாமல் போகும்.

டேட்டாபேஸை பிஎச்பி மைஅட்மின் என்ற டேட்டாபேஸ் கருவியில் திறந்து பாருங்கள். நிர்வாகிகளைப் பயனர் பட்டியலில் மறைக்கும் நிரல்கள் உண்டு. மேலே "அனைத்தும் 3" என்று இருக்க, கீழே இருவரை மட்டும் காட்டினால் சந்தேகப்படுங்கள். யூசர்மெட்டா டேபிளில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று தேடினால் எல்லாரும் வெளிப்படுவார்கள். பதிவுகளிலும் ஒப்ஷன்ஸ் டேபிளிலும் ஸ்கிரிப்ட் டேக் (பக்கத்தில் நிரலைச் செருகும் குறி) தேடுங்கள்.

டியூட்டரி தளத்தையும் அதே நேரத்தில் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே சேர்வர் பயனரின் கீழ் இருப்பதால் ஒன்று மற்றதன் கோப்புகளில் எழுதலாம். முடிந்தபின் இரண்டையும் வெவ்வேறு கணக்குகளுக்குப் பிரித்துவிடுங்கள்.

புறக்கோட்டை_கடைத்தளம்:
நன்றி. புரொசெஸ்களை நிறுத்தினார்கள், கோப்புகள் இப்போது மாறவில்லை. எம்யூ பிளகின்ஸ் என்ற ஃபோல்டரில் அறியாத கோப்பு ஒன்று இருந்தது. கூகிள் சேர்ச் கொன்சோலில் (தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கருவி) எங்களுக்குத் தெரியாத ஜிமெயில் ஒன்று உரிமையாளராக நிற்கிறது. அதை நீக்கினால் மட்டும் போதுமா? எப்படி உள்ளே வந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

நல்லூரான்:
தம்பி, பெயரை மட்டும் நீக்கினால் அவன் திரும்பவும் தன்னை உரிமையாளர் ஆக்குவான். முதலில் அவன் பயன்படுத்திய சரிபார்ப்பு அடையாளத்தை எடுக்கோணும். அது கூகிள் என்று தொடங்கும் ஒரு எச்டிஎம்எல் கோப்பாக இருக்கலாம். கோப்பே இல்லாமல், டொட் எச்டிஅக்சஸ் விதியொன்று அந்த மாதிரிப் பெயர் எதைக் கேட்டாலும் சரியான பதிலை உருவாக்கிக் குடுக்கவும் கூடும். சோதிக்கிறது சுலபம்: உங்கட தள முகவரிக்குப் பின்னால் கூகிள் என்று எழுதி, மனதில் வந்த எழுத்தும் எண்ணும் சேர்த்து, எச்டிஎம்எல் என்று முடியுங்கோ. 404 (பக்கம் இல்லை) வரோணும். சரிபார்ப்பு வாசகம் வந்தால் விதி இன்னும் உள்ளே இருக்கு.

பிறகு சேர்ச் கொன்சோலின் சைட்மெப் (தளப் பக்கங்களின் பட்டியல்) பகுதியில் அவன் குடுத்த பட்டியல்களை நீக்குங்கோ. ஜப்பானியப் பக்கங்கள் 404 அல்லது 410 (பக்கம் நீக்கப்பட்டது) தந்தால் காலப்போக்கில் தாமாகவே விழும். ரோபோட்ஸ் கோப்பால் (தேடுபொறி எதைப் படிக்கலாம் என்று சொல்வது) அவற்றைத் தடுக்க வேண்டாம். தடுத்தால் பக்கம் இல்லாமல் போனதைக் கூகிளால் பார்க்க முடியாது. ரிமூவல்ஸ் கருவி ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு மறைத்துத்தான் வைக்கும். யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் நேரடிச் சோதனை ஓட்டினால் கூகிளின் கண்ணுக்கு உங்கட பக்கம் எப்படித் தெரியுது எண்டு பார்க்கலாம். அது சுத்தமாக இருந்த பிறகுதான், செக்யூரிட்டி இஷ்யூஸில் எச்சரிக்கை இருந்தால், மறுபரிசீலனை கேளுங்கோ. பதில் வர சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். இடையில் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம்.

வந்த வழியை லொக்கில்தான் தேடோணும். அந்தப் புதுக் கோப்புகளுக்கு வந்த போஸ்ட் (தரவு அனுப்பும்) கோரிக்கைகளில் 200 (வெற்றி) பெற்ற மிகப் பழையதைப் பிடியுங்கோ. கோப்பில் தெரியும் திகதியை நம்பாதேங்கோ, அதை மாற்றி வைக்கலாம். சேர்வர் வெளிநாட்டில் எண்டால் நேரமும் அந்த ஊர் நேரமாக இருக்கும், கொழும்பு நேரம் +0530 எண்டு கணக்குப் பாருங்கோ. அதே ஐபி அதற்குச் சற்று முன்னர் லொகின் பக்கத்தில் முதல் தரமே நுழைந்து, உடனே பிளகின் ஏற்றியிருந்தால், பாஸ்வேர்ட் முன்கூட்டியே திருடுபட்டிருக்கு. அப்ப கடையில் உள்ள கம்பியூட்டரையும் சந்தேகிக்கோணும். லொகினே இல்லாமல் ஒரு பிளகினின் பாதைக்குக் கோரிக்கை போயிருந்தால் ஓட்டை அந்தப் பிளகினில். 2020 செப்டெம்பரில் ஃபைல் மனேஜர் பிளகினின் 6.9க்கு முந்திய பதிப்புகளில் இப்படித்தான் நடந்தது. 2024 ஓகஸ்டில் லைட்ஸ்பீட் கேஷ் பிளகினின் ஓட்டை 6.4 பதிப்பில் அடைக்கப்பட்டது. பழைய பதிப்புகளோடு இருந்த தளங்கள் பிறகும் குறி வைக்கப்பட்டன.

தெஹிவளை_நெட்:
பாஸ்வேர்ட் மாற்றும் வரிசையும் முக்கியம். ரீசெட் லிங்க் வந்து சேரும் மின்னஞ்சல்தான் முதலில். பிறகு டொமைன் கணக்கு, ஹொஸ்டிங் கணக்கு, சீபெனல், எஃப்டிபி, டேட்டாபேஸ், கடைசியாக வேர்ட்பிரஸ். சந்தேகமில்லாத கருவியிலிருந்து மாற்றுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிச் செல்லும் வைரஸ்கள் நிறைய உண்டு. ஃபைல்ஸில்லாவும் மாஸ்டர் பாஸ்வேர்ட் இல்லாவிட்டால் எவரும் திறந்து படிக்கக்கூடிய வடிவில்தான் சேமிக்கிறது. சீபெனலில் மின்னஞ்சல் ஃபோர்வர்டர், ஏபிஐ டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நிரல்கள் பயன்படுத்தும் சாவி), கூடுதல் எஃப்டிபி கணக்கு, அறியாத சப்டொமைன், தொடர்பு மின்னஞ்சல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஸ்எம்எஸ் அல்லது கட்டணச் சேவையின் ரகசியக் கீ தளத்தில் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இனி வராமல் இருக்க அதிக பலன் தருவது இது: அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி தடுக்கும் டொட் எச்டிஅக்சஸ் போடுங்கள். அப்பாச்சி, லைட்ஸ்பீட் ஆகிய சேர்வர் மென்பொருள்களில் வேலை செய்யும். என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைப் படிக்காது, அங்கே ஹொஸ்டிங்காரர்தான் செய்ய வேண்டும். பெர்மிஷன்கள்: கோப்புகள் 644, ஃபோல்டர்கள் 755, கொன்ஃபிக் 600. யாராவது 777 (எவரும் எழுதலாம்) போடச் சொன்னால் கேட்க வேண்டாம். பயன்படுத்தாத பிளகினை டிஅக்டிவேட் செய்வது போதாது, அதன் கோப்புகளை வெளியிலிருந்து நேரடியாக அழைக்கலாம், அழித்தே விடுங்கள். தானியங்கி அப்டேட்டும் இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயம். பேக்கப் அதே ஹொஸ்டிங்கில் இருந்தால் அது பேக்கப் அல்ல. வெளியே வையுங்கள், பல மாதங்களுக்குப் பழையதும் இருக்கட்டும். நுழைந்தவன் வாரக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் தொடங்குவதுண்டு, அப்போது அண்மைய பேக்கப் எல்லாவற்றிலும் அவனும் இருப்பான்.

விலை கேட்டவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் படிவப் பிளகின் வழியாக டேட்டாபேஸில் கிடந்தால், அவை வெளியே போயிருக்கலாம் என்று அந்த வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது உங்கள் பொறுப்பு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு 101இல் அறிவிக்கலாம். வெள்ளவத்தை_சேர்வர் சொன்ன ஸிப்பையும் லொக்கையும் மாற்றாமல் வைத்திருங்கள், முறைப்பாடு செய்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் அவைதான் சான்று.

வெள்ளவத்தை_சேர்வர்:
எம்யூ பிளகின்ஸ் பற்றி ஒன்று: அதில் உள்ளவை தாமாகவே ஓடும், வழமையான பிளகின் பட்டியலில் வராது, பட்டியலிலிருந்து நிறுத்தவும் முடியாது. புதிதாகக் கட்டியபின் அந்த ஃபோல்டர் திரும்ப முளைத்தால் ஏதோ ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. விலைப்பட்டியல் அடிக்கடி மாறாத கடைக்கு வேர்ட்பிரஸ்ஸே தேவையில்லை என்பது என் கருத்து. பதினைந்து இருபது எச்டிஎம்எல் பக்கங்களும் ஒரு வட்ஸ்அப் பொத்தானும் போதும். பிஎச்பியும் டேட்டாபேஸும் இல்லாத தளத்தில் அப்டேட் செய்ய மறக்கவும் ஒன்றுமில்லை. சீபெனல், மின்னஞ்சல், டொமைன் பாஸ்வேர்டுகளைக் காத்தால் பெருமளவு சரி.