எடை இறங்குவது நின்றுவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். சர்க்கரை பானங்களை விட்டுவிட்டேன், தட்டில் பாதி காய்கறிதான், தினமும் வேகநடை. முதலில் எடை நன்றாகவே இறங்கியது. இப்போது முள் அசையவே இல்லை. ஆனால் பேன்ட் இடுப்பில் தளர்ந்துகொண்டே வருகிறது.

எடை குறையக் குறைய உடல் செலவிடும் கலோரியும் குறையும் என்பது தெரியும். அதற்காகச் சாப்பாட்டை இன்னும் குறைக்க மனமில்லை, பசியோடு படுத்தால் தூக்கமே வராது.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இரண்டாவதைத்தான் தொடங்க நினைக்கிறேன். படி இறங்கும்போது முழங்கால் லேசாக வலிக்கும். கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே எதில் ஆரம்பிக்கலாம்? அப்புறம், எந்த வேளையில் புரதத்தைக் கூட்டினால் மாலைப் பசி அடங்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.