தைராய்டு மாத்திரை அளவு மாறியபோது உங்களுக்கு என்ன நடந்தது?

மணிமுத்தாறு:

நானே தொடங்கிவைக்கிறேன். எனக்கு ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய். பல வருடமாகத் தைரோநார்ம் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை, 50 மைக்ரோகிராம், பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. போன வருடம் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) 11 என்று வந்தது. உடம்பும் அதையேதான் சொன்னது: மலச்சிக்கல், தோல் வறட்சி, மே மாதத்திலேயே ஃபேனைக் குறைக்கச் சொல்லும் குளிர். எண்ணும் அறிகுறியும் ஒத்துப்போகவே டாக்டர் 75 ஆக்கினார். அடுத்த பரிசோதனையிலும் சரியாக இறங்கவில்லை, 100 ஆக்கினார்.

இதற்கெல்லாம் முன்பே, அதிக ரத்தப்போக்குக்காக வேறொரு டாக்டர் எனக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் எழுதிக்கொடுத்திருந்தார். தைராய்டு சீட்டில் 1-0-0. அந்தச் சீட்டிலும் 1-0-0. காலை என்றால் காலைதானே, மூன்றும் ஒன்றாகவே உள்ளே போயின. இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று இரண்டு பக்கமும் யாரும் சொல்லவில்லை.

இரும்பும் கால்சியமும் முடிந்தன. 100 மட்டும் அப்படியே தொடர்ந்தது. தடுப்பது எதுவும் இல்லாததால் இப்போது மருந்து முழுதாக உடம்பில் சேர ஆரம்பித்துவிட்டது. படி ஏறினால் நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. கரும்பலகையில் நான் போடும் கோடு நெளிவதைப் பார்த்து முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். டிஎஸ்ஹெச் 0.08.

இந்த முறை பார்த்த டாக்டர், ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்னால் என் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். எதை எப்போது தொடங்கினேன், எதை எப்போது நிறுத்தினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் எடையைக் கேட்டார். 58 கிலோ. தைராய்டு அடியோடு வேலை செய்யாதவருக்கே கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும், அந்தக் கணக்கில் பார்த்தாலும் 93-தான் வருகிறது. ஓரளவு வேலை செய்யும் சுரப்பியை வைத்துக்கொண்டு 100 எதற்கு என்றார். திரும்பவும் 50.

இன்னொன்றும் சொன்னார். எஃப்டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனின் அளவு) லேசாக அசைந்தாலே டிஎஸ்ஹெச் பல மடங்கு தாவும். அதனால் 11 என்றதும் பதற வேண்டாம், 0.08-க்காக ஒரே வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனைக்கு ஓடவும் வேண்டாம். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும். அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துப் பார்க்கும் எண்ணைத்தான் நம்பலாம். படபடப்பு அதற்கு முன்பே அடங்கிவிட்டது. அடுத்த ரிப்போர்ட்டில் 2.4.

தாழம்பூ:

அக்கா, எனக்கு நேர்மாறான கதை. கர்ப்பம் உறுதியான அன்றே டாக்டர் அளவைக் கூட்டிவிட்டார், ரத்த ரிப்போர்ட் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. முதல் சில மாதம் குழந்தை அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கும், அதனால் தேவை சட்டென்று ஏறும் என்றார். புது மாத்திரை எதுவும் இல்லை, அதே பாட்டில்தான். வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது. புதனும் ஞாயிறும் இரண்டிரண்டு. நாள்காட்டியில் அந்த இரண்டு நாளையும் சுழித்துவைத்துக்கொண்டேன். "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இத்தனை மாத்திரையா" என்று அத்தை நிறுத்தவே சொன்னார். அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்கவைத்தேன். பாதிக் கர்ப்பம்வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச், 2.5-க்குள் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிரசவம் ஆனதும் பழைய அளவு, ஆறு வாரத்தில் மறுபடி பரிசோதனை.

காவிரிக்கரை:

அம்மாவுக்கு 78 வயது. 25 மைக்ரோகிராம்தான் எடுக்கிறார். டிஎஸ்ஹெச் 6.1. லேப் ரிப்போர்ட்டில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் 'ஹை' என்று வேறு அடித்திருந்தார்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே களேபரம். எங்கள் டாக்டர் அளவைக் கூட்டவில்லை. வயதாக ஆக டிஎஸ்ஹெச் தானாகவே கொஞ்சம் ஏறும், லேப் அச்சடிக்கும் எல்லை இளம் வயதுக்காரருக்கும் ஒன்றுதான், பாட்டிக்கும் ஒன்றுதான். இந்த வயதில் மருந்து கூடிப்போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். "அம்மா நடக்கிறாங்களா, சாப்பிடுறாங்களா, பேச்சு தெளிவா இருக்கா?" என்றுதான் கேட்டார். மூன்றும் இருக்கிறது. அப்படியே தொடரச் சொல்லிவிட்டார். கால் வலிக்கு முட்டிதான் காரணம், அதற்கும் தைராய்டையே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

லேப்காரர்:

ரத்தம் எடுக்கிற பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லுங்கள். பல இயந்திரங்களில் அது கணக்கையே குழப்பும்: டிஎஸ்ஹெச் குறைந்தும் எஃப்டி4 கூடியும் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து. இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு வாருங்கள். எஃப்டி4-ம் எழுதியிருந்தால் அன்று மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். டிஎஸ்ஹெச் விடியற்காலையில் கூடுதலாகவும் மதியத்துக்கு மேல் குறைவாகவும் இருக்கும். போன தடவை காலை ஏழு மணிக்குக் கொடுத்துவிட்டு இந்தத் தடவை மூன்று மணிக்கு வந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? முடிந்தவரை ஒரே லேப், ஒரே நேரம்.

மணிமுத்தாறு:

@லேப்காரர் முடி விஷயத்தில் ஒரு சின்ன சேர்க்கை. 2.4 வந்த பிறகும் எனக்கு முடி கொட்டுவதும் அசதியும் நிற்கவில்லை. மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன், டாக்டர் மறுத்துவிட்டு ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச்சத்து இருப்பு, பார்க்கச் சொன்னார். தரைமட்டம். இப்போது இரும்பு மாத்திரை மறுபடி வந்தாயிற்று, ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதிகாலையில் தைராய்டு, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் காபி.

பிறைநிலா:

எல்லோரும் வெறும் வயிறு, அதிகாலை என்கிறீர்கள். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் அது பெரிய பாடு. சஹருக்கு, அதாவது விடியும் முன் சாப்பிட, எழுவதே கடைசி அரைமணியில், மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்க நேரம் ஏது? நோன்பு திறந்ததும் போடலாம் என்றால் கஞ்சியும் வடையும் எதிரே இருக்கும். டாக்டரிடம் முன்கூட்டியே போய்க் கேட்டேன். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து படுக்கும் முன் போடச் சொன்னார், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், நடுவில் பால், பழம் எதுவும் கூடாது. பெரும்பாலும் கடைப்பிடித்தேன்; விருந்தாளிகள் வந்த நாட்களில் இடைவெளி சுருங்கியது. பெருநாள் கழிந்து பார்த்தபோது டிஎஸ்ஹெச் 3-லிருந்து 5.8. டாக்டர் காரணம் தெரிகிறதே என்று அளவைத் தொடவில்லை. பழையபடி அதிகாலைக்கு மாற்றி இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். 3.1. வருகிற ரமலானுக்கும் நான் எடுக்கும் அதே 75 மைக்ரோகிராம்தான்.