சமூக ஊடகத்தில் விளக்கப் பதிவுகள்: பாதியில் விட்டுவிடாமல் படிக்கும்படி எழுதுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். உடல்நலம் சார்ந்த கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக இதழ்களில் எழுதிவருகிறேன். ஓராண்டாக அவற்றைச் சுருக்கி இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் பதிவிடுகிறேன். இதழ் வாசகர்கள் ஒருபோதும் சொல்லாத குறையை இங்கே பலரும் சொல்கிறார்கள்: செய்தி நல்லதுதான், ஆனால் படித்து முடிக்க முடியவில்லை என்கிறார்கள்.

சென்ற மாதம் நடந்த ஒன்று என்னை மிகவும் வருத்தியது. ஒரு பதிவை இப்படித் தொடங்கியிருந்தேன்: "சளி, காய்ச்சலுக்கு வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை இரண்டு நாள் போட்டுக்கொண்டாலே சரியாகிவிடும் என்று நம்புவது தவறு." ஒரு வாசகரின் கைப்பேசியில் அந்த வாக்கியம் "சரியாகிவிடும்" என்ற இடத்தில் வெட்டுப்பட்டு, மீதி 'மேலும்' என்ற இணைப்புக்குள் மறைந்துவிட்டது. அவர், "நன்றி, வீட்டில் மாத்திரை இருக்கிறது, அம்மாவுக்குக் கொடுக்கிறேன்" என்று கருத்திட்டிருந்தார். நல்லவேளையாக உடனே பார்த்து அவருக்குத் தனிச்செய்தி அனுப்பித் தடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எதைப் பதிவிடவும் கை நடுங்குகிறது.

பத்திகளைச் சிறிதாக்கினால் போதுமா, அல்லது எழுதும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டுமா? எளிமை என்ற பெயரில் கருத்தை நீர்த்துப்போகச் செய்யவும் எனக்கு மனமில்லை.

முதல் பதில்

வணக்கம் ஐயா. தங்களுக்கு நேர்ந்தது தமிழில் எழுதும் எல்லோருக்கும் நேரக்கூடியது. பத்தியின் நீளத்தைக் குறைப்பதால் மட்டும் அது தீராது. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது; 'இல்லை', 'கூடாது', 'தவறு' என்று பொருளைத் தலைகீழாக்கும் சொற்களும் அங்கேதான் நிற்கின்றன. அச்சில் கண் அந்த இடம்வரை தானாகவே போய்விடும். கைப்பேசித் திரையிலோ முதல் ஓரிரு வரிகளுக்குப் பிறகு ஊடகமே கத்தரி வைத்துவிடுகிறது. எந்தச் சொல்லில் வெட்டும் என்பது கருவிக்குக் கருவி, எழுத்துருவின் அளவுக்கு அளவு மாறும் என்பதால் நாம் முன்கூட்டிக் கணக்கிடவும் முடியாது. ஆகவே முதல் வாக்கியம் அந்த வெட்டுக்கு வெகு முன்பாகவே முடிந்துவிட வேண்டும் என்பதை மட்டும் மாறாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் பதிவையே நான் இப்படி எழுதுவேன்:

"சளிக்கு ஆன்டிபயாட்டிக் உதவாது. சளியை உண்டாக்குவது வைரஸ். அந்த மாத்திரை பாக்டீரியாவைத்தான் எதிர்க்கும்."

தவறான நம்பிக்கையை முதலில் சொல்லிப் பிறகு மறுக்கும் வழக்கம் மேடைப் பேச்சுக்கு அழகு. பதிவில் உண்மையை முதலில் சொல்லுங்கள். நம்பிக்கையைப் பற்றி மூன்றாவது வரியில் பேசலாம்.

எழுத்துக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். தங்கள் வாக்கியத்தில் "சரியாகிவிடும்" வரை நம் கணக்கில் 54 எழுத்துகள்தான். ஆனால் கணினி எழுத்துகளைப் பதியும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி என்பதால், இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்து அது 111 ஆகிறது. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே ஐந்து குறிகள். ட்விட்டர் 2017இல் வரம்பை 140இலிருந்து 280 ஆக்கியபோதும், நமக்குக் கிடைத்த இடம் பார்ப்பதைவிடக் குறைவுதான். இன்ஸ்டாகிராமின் 2,200 வரம்பையும் அப்படியே கருதுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முதல் வரியோடு வேலை முடிந்துவிடாது. இணையத்தில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று 1997இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் சோதித்தபோது, கலந்துகொண்டவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 விழுக்காடுதான். இன்றைய கைப்பேசிக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. மேய்கிற கண்ணுக்குப் பிடிமானம் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

நீளமான வாக்கியமே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. காரணத்தையும் விளைவையும் வரிசையாகக் கோத்துச் செல்லும் நீண்ட வாக்கியத்தை யாரும் சிரமமின்றிப் படிப்பார்கள். தடுக்குவது பெயரெச்சக் குவியல்தான். "மருத்துவரால் முன்பொருமுறை வேறொரு நோய்க்காகப் பரிந்துரைக்கப்பட்டு முழுமையாக உட்கொள்ளப்படாமல் வைக்கப்பட்டிருந்த மாத்திரைகள்" என்று எழுதினால், எதைப் பற்றிய பேச்சு என்பதே கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதுவரை அத்தனையையும் வாசகர் மனத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது. "அந்த மாத்திரைகளை மருத்துவர் வேறொரு நோய்க்குக் கொடுத்தார். நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்." இதில் எந்தத் தகவலும் குறையவில்லை. 'மேற்கொள்ளப்பட்டு வருகிறது' போன்ற செயப்பாட்டுவினைகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

சொற்களைச் சேர்த்தெழுதுவதிலும் நிதானம் வேண்டும். 'போட்டுக்கொள்ளவேண்டியதில்லையென்பதை' என்று ஒரே மூச்சில் எழுதினால், திரை பொதுவாக இடைவெளியில்தான் வரியை மடக்கும் என்பதால் அந்தச் சொல் முழுவதும் அடுத்த வரிக்குப் போய், மேலே பெரிய வெற்றிடம் விழுகிறது. 'போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்பதை' என்று பிரித்தால் வரியும் சீராகும், கண்ணும் களைக்காது. அதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் பத்தியாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் எதற்கு எது காரணம் என்ற பிணைப்பு அறுந்துபோகிறது. இப்போது பரவிவரும் அந்தப் பழக்கம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

மூன்றாம் பதில்

நான் திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் மூலம் கேட்டுப் படிப்பவன். பதிவு முழுவதையும் படத்தில் அச்சிட்டுப் போட்டால் என்னால் படிக்க இயலாமல் போகலாம். படத்தோடு இணைக்கும் மாற்று உரையாக (alt text) அதே வரிகளைச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வைக்கும் படக்குறியின் (எமோஜி) பெயரை மென்பொருள் ஒவ்வொரு முறையும் உச்சரிக்கிறது. பத்துக் கைகளும் பத்து நட்சத்திரங்களும் கடந்துதான் செய்திக்கு வர வேண்டியிருக்கிறது. ஹேஷ்டேக்கில் சொற்களைப் பிரித்துக்காட்ட நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. எனவே #மருந்து_விழிப்புணர்வு என்று அடிக்கோடு இடுங்கள்.

பார்வை குறைந்தவர்களுக்காக இன்னொன்று: வெளிர்நிறப் பின்னணியில் சாம்பல் எழுத்து வேண்டாம். இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய பதிவைத் திருத்தி எழுதிப் பார்த்தேன். பாதியளவாகியும் ஒரு செய்திகூட விடுபடவில்லை. ஒரே ஐயம் மிஞ்சுகிறது. சளிக்குப் பின் சிலருக்குப் பாக்டீரியா தொற்றும் சேர்ந்துகொள்ளலாம். அப்போது மருத்துவரே ஆன்டிபயாட்டிக் தருவார். "உதவாது" என்று வெட்டொன்றாகத் தொடங்கினால், அந்த நோயாளி மருந்தை நிறுத்திவிட மாட்டாரா?

முதல் பதில் எழுதியவர்

நியாயமான அச்சம். விதிவிலக்கைப் பதிவின் அடியில் புதைக்காமல் இரண்டாவது வாக்கியமாகவே வைத்துவிடுங்கள்: "சளிக்கு ஆன்டிபயாட்டிக் உதவாது. மருத்துவர் பார்த்துக் கொடுத்திருந்தால் நிறுத்த வேண்டாம்." வைரஸ், பாக்டீரியா விளக்கம் அதற்கு அடுத்து வரட்டும். பதிவிட்ட பின் வேறு இரண்டு கைப்பேசிகளில், ஒன்றில் எழுத்தைப் பெரிதாக்கி, 'மேலும்' என்பதைத் தொடாமல் படித்துப் பாருங்கள். அங்கே தெரிவது மட்டும் ஒருவர் கண்ணில் பட்டாலும் அவருக்குத் தீங்கு நேராது என்றால், அந்தப் பதிவை அப்படியே விட்டுவிடலாம்.