பஸ் ஏன் நின்றது?

பெரியப்பா, 8:12
நேற்று விமானத்திலிருந்து இறங்கி பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டான். எங்கேயோ தூரத்தில் ஒரு விமானம் ஆமை மாதிரி ஊர்ந்து வந்தது. அதற்குள் நாலு தடவை கடந்து போயிருக்கலாம். கார்த்தி, உங்கள் ஏர்போர்ட் ஆட்கள் ஏன் இப்படி?

கார்த்தி, 8:20
அவர் செய்ததுதான் சரி பெரியப்பா. டாக்ஸிவேயில், அதாவது ரன்வேக்குப் போகவும் வரவும் விமானம் ஊர்ந்து செல்லும் பாதையில், விமானத்துக்குத்தான் முதல் வழி. வண்டிகள் நின்றே ஆக வேண்டும்.

மீனா, 8:21
ஹாரன் அடித்தால் பைலட் நிறுத்த மாட்டாரா அண்ணா 😄

கார்த்தி, 8:26
ஹாரன் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? பெரிய விமானத்தில் மூக்குக்கு முன்னால் பல மீட்டர் தூரத்துக்குத் தரையே அவர் கண்ணில் படாது. ஏ380 என்கிற ராட்சத விமானம் என்றால் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஏறக்குறைய 80 மீட்டர். திரும்பும்போது அந்த நுனி நாம் நினைப்பதைவிட அகலமாக வளைந்து வரும். ராத்திரியில் நம் வண்டியின் மஞ்சள் விளக்கு மற்ற விளக்குகளோடு கலந்துவிடும்.

அத்தை, 8:29
முன்னால்தானே போகக் கூடாது? பின்பக்கமாகச் சுற்றிப் போனால் என்ன?

கார்த்தி, 8:35
அது இன்னும் மோசம் அத்தை. நின்ற விமானம் நகர ஆரம்பிக்கும்போது இஞ்சினைக் கூட்டுவார்கள். பின்னால் அடிக்கிற காற்று வேனையே புரட்டிப் போட்டுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரேக் போடாமல் விட்ட காலி லக்கேஜ் டிராலி ஒன்று தானாக உருண்டு போய் வேலியில் முட்டியதைப் பார்த்தேன். பிரேக் போடாமல் விட்டது யார் என்று கேட்காதீர்கள்.

மீனா, 8:36
😂😂 தெரிந்துவிட்டது

பெரியப்பா, 8:38
இஞ்சின் ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தத்தை வைத்தா?

கார்த்தி, 8:44
அங்கே எல்லாப் பக்கமும் சத்தம்தான், காதை வேறு மூடியிருப்போம். விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். இஞ்சினைப் போடும் முன்பே அதைப் போட்டுவிடுவார்கள். அது மின்னினால் கிட்டே போகக் கூடாது, அவ்வளவுதான். ரேடியோ வேலை செய்யாவிட்டால் கன்ட்ரோல் டவரிலிருந்து நம் வண்டியைப் பார்த்து விளக்கு அடிப்பார்கள். விடாத சிவப்பு என்றால் நில். சிவப்பு விட்டுவிட்டு மின்னினால் உடனே டாக்ஸிவேயை விட்டு விலகு.

மீனா, 8:46
தீயணைப்பு வண்டி மீது ஒரு விமானம் மோதியதே, அதுவும் இப்படித்தானா?

கார்த்தி, 8:51
அது டாக்ஸிவே இல்லை, ரன்வே. 2022 நவம்பரில், பெரு நாட்டு லிமாவில். கிளம்ப வேகமெடுத்த விமானத்தின் பாதையில் தீயணைப்பு வண்டி குறுக்கே வந்துவிட்டது. விமானத்தில் இருந்த எல்லோரும் பிழைத்தார்கள். வண்டியில் இருந்த வீரர்களில் இரண்டு பேர் அங்கேயே இறந்துவிட்டார்கள்.

அத்தை, 8:52
ஐயோ 🙏

பெரியப்பா, 8:58
நான் எழுந்து போய் அந்த டிரைவரிடம் சத்தம் வேறு போட்டுவிட்டேன்.

கார்த்தி, 8:59
அவர் என்ன சொன்னார்?

பெரியப்பா, 9:03
ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தார்.